பள்ளிக்கூடத்து இணையம் பக்கத்துத் தெருவுக்கு வருமா?

போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியில், பள்ளியிலும் நூலகத்திலும் இருக்கும் இணைய இணைப்பை அக்கம்பக்கத்து மக்களே கம்பியில்லாமல் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோகலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பதினாறு வருடம் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன், பள்ளியின் கணினி அறையும் என் பொறுப்பில் இருந்தது. அப்புறம் இதே வேலையாகக் கூரை கூரையாக ஏறி இறங்கியிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. எங்கள் பள்ளியில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. சாயந்தரம் ஆனால் பிள்ளைகள் சுற்றுச்சுவருக்கு வெளியே உட்கார்ந்து எங்கள் வைஃபையைப் பிடிக்கிறார்கள். பார்க்க மனசு கேட்கவில்லை. இதை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோக முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஒரு வாரம் உங்கள் ரவுட்டரில், அதாவது இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், பதிவாகும் தகவல் போக்குவரத்தின் வரைகோட்டைப் பாருங்கள். காலையில் ஏறும், மதியம் கொஞ்சம் இறங்கும், கடைசி மணி அடித்த அரை மணி நேரத்தில் அந்தக் கோடு தரையோடு படுத்துவிடும். வீடுகளில் இணையம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பள்ளி 200 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 1,600 மணி நேரம்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். மிச்ச நேரமெல்லாம் கட்டணம் கட்டிய இணைப்பு சும்மா கிடக்கிறது. அந்தப் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில்.

அடுத்து, இணைப்பு ஒப்பந்தத்தைப் படியுங்கள். வெளியாருடன் பகிரலாமா, வளாகத்தைத் தாண்டலாமா என்பது அதில் இருக்கும். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதில் அவசரப்படவே கூடாது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பள்ளி, நூலக இணையத்துக்கு 'இ-ரேட்' என்ற உதவித்திட்டம் 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து பிறந்தது. பள்ளி நேரம் முடிந்த பிறகு ஊர் மக்கள் பள்ளிக்குள் வந்து அந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்று 2010-இல்தான் அனுமதித்தார்கள். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் கட்டடங்களை மூடியபோது, மூடிய பள்ளியும் நூலகமும் வைஃபையை மக்களுக்காகத் திறந்து வைக்கலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். குடும்பம் குடும்பமாக நூலக வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி பிள்ளைகளைப் படிக்க வைத்தது அப்போதுதான். வளாகத்துக்குள் என்பதும் வீட்டுக்கு என்பதும் சட்டத்துக்கு இரண்டு வேறு சங்கதிகள். உங்கள் இடத்தில் எது எதற்கு அனுமதி என்று தெரிந்துகொண்டு அதற்குள் நில்லுங்கள்.

மூன்றாவது சங்கதியை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பள்ளியிலிருந்து முப்பது வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தோம். பகலில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. சாயந்தரம் 6.10 ஆனால் மொத்த வலையும் செத்துவிடும். மூன்று நாள் மென்பொருளில் குற்றம் தேடினோம். அமைப்புகளை மாற்றினோம், ரேடியோக்களை, அதாவது இணைய அலையை அனுப்பி வாங்கும் கருவிகளை, மாற்றினோம். நாலாவது நாள் நான் நேரே போய் அங்கேயே நின்றேன். காவலாளி வந்தார், வகுப்பறைக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், வராந்தா மூலையில் இருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். மணி 6.10. மெயினை அணைக்காமல் கிளம்பக்கூடாது என்பது அவருக்குப் பதினோரு வருடமாகச் சொல்லப்பட்ட வேலை. அதை ஒருநாள் தவறாமல் செய்துவந்தவர் அவர். நாங்கள்தான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மெயினுக்கு முன்னாலிருந்தே தனி இணைப்பு எடுத்து, அதற்கென்று தனி சுவிட்ச் வைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டினோம். அதற்குப் பிறகு எங்கள் கருவியில் விளக்கு எரியாவிட்டால் முதலில் போன் செய்பவர் அவர்தான்.

அதனால், அம்மா, நீங்கள் கூட்டும் முதல் கூட்டத்தில் காவலாளியும் இருக்கட்டும்.

எங்கள் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் இடையே 2 கிலோமீட்டர். நடுவில் மரங்கள். நானும் நண்பர்களும் டிஷ் வைத்து இணைக்கப் பார்க்கிறோம். மாடியில் நின்றால் பள்ளிக்கூரை தெரிகிறது. அது போதுமா?

போதாது தம்பி. கண்ணுக்குத் தெரிவது வேறு, ரேடியோ அலைக்கு வழி இருப்பது வேறு.

டிஷ் என்பது அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆண்டெனா. ஆனாலும் இரண்டு டிஷ்களுக்கும் நடுவே அலை நூல் பிடித்த மாதிரிப் போகாது. நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பிய ஒரு வடிவத்தில் பரந்து போகும். இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். உங்கள் 2 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நடுப்பாதையில் இந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது நீங்கள் பார்க்கும் அந்த நேர்கோட்டுக்குக் கீழே மூன்று மீட்டர் தள்ளித்தான் மரத்தின் உச்சி இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆரம் 8 மீட்டர் ஆகிவிடும், இன்னும் அதிக இடம் வேண்டும். கம்பத்தை உயர்த்துவது, வேறு மாடியைத் தேடுவது, இல்லை நடுவில் ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டு பாதையை வளைப்பது என்று ஏதாவது செய்யலாம். மரத்தை வெட்டலாமா என்று இன்னொரு கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கம்பத்தை உயர்த்துவதுதான் சரி.

மரம் இன்னொரு வேலையும் செய்யும். இலைக்குள் இருப்பது தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். இலை உதிர்ந்த காலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 'அருமையாக வேலை செய்கிறது' என்று ஊரையெல்லாம் கூட்டினால், துளிர் விட்டதும் இணைப்பு தள்ளாட ஆரம்பிக்கும். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஷ்ஷைத் திருப்பிக் குறிவைக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தோற்பது இங்கேதான். ஒருவர் டிஷ்ஷைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் திரையில் சிக்னல் அளவைச் சத்தமாகப் படிக்க வேண்டும். விரலளவு திருப்புங்கள், மூன்று நொடி நில்லுங்கள், எண்ணைக் கேளுங்கள், மறுபடி திருப்புங்கள். இந்த எண் மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம் என்று பொருள். நான் முதல்முறை செய்தபோது மைனஸ் 78 வந்தது. அதற்கு இரண்டு பக்கமும் குறைந்தது. உச்சம் கிடைத்துவிட்டது என்று நட்டை இறுக்கிவிட்டோம். இணைப்பு வந்தது, ஆனால் விட்டு விட்டு வந்தது. உண்மையில் நாங்கள் பிடித்தது டிஷ்ஷின் பக்கக் கிளை. எந்த டிஷ்ஷுக்கும் நடுவில் ஒரு பெரிய கதிரும், ஓரங்களில் சின்னச் சின்னக் கதிர்களும் உண்டு. அந்தச் சின்ன ஒன்றின் உச்சியில் நின்றுகொண்டிருந்தோம். மறுநாள் நட்டைத் தளர்த்தி இன்னும் தள்ளித் திருப்பினோம். எண் முதலில் இறங்கியது, பையன்கள் 'போதும் டீச்சர்' என்றார்கள், இன்னும் திருப்பச் சொன்னேன். திடீரென்று மைனஸ் 58. இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு சக்தி. ஆகவே ஒரு உச்சம் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். மேலும் கீழும் சாய்த்தும் இதையே செய்யுங்கள்.

கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் அதைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். வளையம் வைக்காத ஓரிடத்தில் தண்ணீர் கேபிளின் உறைக்குள்ளேயே ஊர்ந்து, இரண்டு மாடி கீழே இறங்கி, கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் துளையில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு கட்டியிருந்ததை என் கையால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

இடிதாங்கியும் நில இணைப்பும் மின்பணியாளரை வைத்துத்தான். நீங்களாகச் செய்யாதீர்கள்.

மெஷ் போட்டால் வீட்டுக்கு வீடு தானாகவே தாவிப் போய்விடும், டிஷ், கம்பம் எதுவும் வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

மெஷ் என்பது ஒவ்வொரு வீட்டுக் கருவியும் அடுத்த வீட்டுக்குக் கடத்திவிடும் வலை. தாவும் என்பது உண்மை. ஒரு முனை, அதாவது வலையில் உள்ள ஒரு கருவி, படுத்தால் வேறு பாதையில் சுற்றிப் போகும் என்பதும் உண்மை. ஆனால் ஒரே ரேடியோ உள்ள கருவி, கேட்பதையும் சொல்வதையும் ஒரே நேரத்தில் செய்யாது. முதல் வீட்டில் 60 மெகாபிட் வேகம் வந்தால், இரண்டாவது தாவலில் ஏறக்குறைய பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று என்று தேய்ந்துகொண்டே போகும். ஆகவே நீளத்துக்கு டிஷ், தெருவுக்குள் மெஷ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெர்லினில் 'ஃப்ரைஃபுங்க்' என்ற தன்னார்வலர் வலை 2000-களின் தொடக்கத்தில் இருந்து நடக்கிறது. அவர்களும் தேவாலயக் கோபுரங்களையும் உயரமான பொதுக் கட்டடங்களையும் முதுகெலும்பாக வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூரை நமக்கு அந்தக் கோபுரம்.

நூலகராக இருக்கிறேன். உறுப்பினர் விவரம், இரவல் பதிவு எல்லாம் எங்கள் கணினியில் இருக்கிறது. வெளியாரை உள்ளே விட்டால் அதெல்லாம் என்ன ஆகும்?

வெளியாருக்கு நீங்கள் திறப்பது இணையத்துக்குப் போகும் வழியை மட்டும். உங்கள் அறைக்குள் வரும் கதவை அவர்களுக்குத் திறக்கவே வேண்டாம். ஒரே கேபிளில் இரண்டு தனித்தனிப் பாதைகளை வகுக்கலாம், வி-லேன் என்பார்கள். நூலகக் கணினிகள் ஒன்றில், ஊர் மக்கள் இன்னொன்றில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக்குவரத்தே கிடையாது என்று ஃபயர்வாலில், அதாவது எது எங்கே போகலாம் என்று காவல் காக்கும் மென்பொருளில், விதி எழுத வேண்டும். ஊர் மக்கள் பாதைக்குள்ளும், ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்க முடியாதபடி தடுக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் போனை மக்கள் வைஃபையில் சேர்த்துவிட்டு, நூலகக் கணினியின் முகவரியையும் அச்சு இயந்திரத்தின் முகவரியையும் தட்டிப் பாருங்கள். திறந்தால் விதி தப்பு. அச்சு இயந்திரத்தைப் பலர் மறந்துவிடுவார்கள், அதற்குள்ளும் அச்சிட்ட ஆவணங்கள் தங்கியிருக்கும்.

இன்னொன்று, நூலகர் என்பதால் இதை உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள். யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பதையும் அதே மாதிரிக் காப்பாற்றுங்கள். சட்டம் கேட்கும் பதிவுக்கு மேல் எதையும் சேர்த்து வைக்க வேண்டாம்.

யாராவது நம் வலையில் தப்பான காரியம் செய்தால் யார் தலையில் விழும்?

இது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பயம் நியாயமானது. ஜெர்மனியில் வைஃபையைத் திறந்துவைத்தவரையே பொறுப்பாளியாக்கும் சட்ட நிலை பல வருடம் இருந்தது. அதற்காகவே அந்த பெர்லின் நண்பர்கள் போக்குவரத்தைச் சுரங்கப்பாதை மாதிரி வேறு வாயில்களுக்குக் கொண்டுபோய் வைஃபையைத் திறந்தவரின் அடையாளம் தெரியாதபடி அங்கிருந்து வெளியே விட்டார்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சுமையை இறக்கினார்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, சேரும் ஒவ்வொரு வீட்டோடும் ஒரு பக்கத்தில் எழுதிய ஒப்பந்தம். என்ன செய்யலாம், என்ன கூடாது, மீறினால் யார் முடிவெடுப்பார்கள். ஒரே பக்கம், எல்லோருக்கும் புரியும் மொழியில்.

எங்கள் நூலகத்தில் 100 மெகாபிட் இணைப்பு. நாற்பது வீடுகள் கேட்கின்றன. ஆளுக்கு இரண்டரை மெகாபிட்தானே வரும்? எதற்கு ஆகும்?

வகுத்தல் சரி, ஆனால் நாற்பது வீடும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் படித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பக்கம் மாற்றுவார், ஒருவர் போனை வைத்துவிட்டுப் போயிருப்பார். ஒரு காணொளி வகுப்புக்கு 2 முதல் 3 மெகாபிட் இருந்தால் ஓடும். முப்பது பேர் ஒரே நேரத்தில் காணொளியில் இருந்தாலும் சமாளிக்கலாம்.

வலையைக் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய பதிவிறக்கம். அது வரிசையை அடைத்துக்கொள்ளும். பின்னால் நிற்கும் சின்னச் சின்னத் தகவல் துண்டுகள் எல்லாம் காத்துக்கிடக்கும், வகுப்பில் ஆசிரியர் குரல் துண்டு துண்டாகக் கேட்கும். இதற்கு மருந்து இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் போட்ட ரவுட்டரில் 'கேக்' என்ற வரிசை ஒழுங்கை அமைக்கலாம். எல்லா வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுக்கும். இணைப்பின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, 90 மெகாபிட் என்று அதில் எழுதுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கும், நீங்கள் ஒழுங்குபடுத்த முடியும். பத்து மெகாபிட்டை விட்டுக்கொடுத்து நாற்பது வீட்டின் நிம்மதியை வாங்குகிறீர்கள்.

வெளியே போகாமலே நிறைய கொடுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்ட ஒரு சின்னக் கணினியை நூலகத்தில் வைத்தால், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வெளி இணைப்பு அறுந்த நாளிலும் பிள்ளைகளுக்கு அது வரும்.

இப்போது எல்லோர் கையிலும் போன், அதில் டேட்டா. இதெல்லாம் எதற்கு?

போனில் டேட்டா இருக்கும் வீட்டில் எத்தனை போன் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே போன். அது வேலைக்குப் போனவரோடு போய்விடும். அவர் திரும்பி வரும்போது எட்டு மணி, மூன்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். பள்ளி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மடிக்கணினியும் சுவரில் ஒரு வைஃபை பெட்டியும் அந்த வீட்டில் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் எட்டு மணிக்கு முன்னாலேயே படித்து முடித்திருந்தார்கள்.

நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத இடங்களும் இருக்கின்றன. நேபாளத்தில் நாங்கி என்ற மலைக்கிராமத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர், அங்கிருந்த ஹிமாஞ்சல் உயர்நிலைப் பள்ளியை மையமாக வைத்து, மலையுச்சியில் ரேடியோக்களை நட்டு, 2000-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லா இணைப்பைக் கொண்டுவந்தார். 2007-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. ஸ்பெயினில் கத்தலோனியாவின் கிராமப்புறத்தில் 2004-இல் தொடங்கிய 'குய்ஃபி' என்ற வலை இன்று 30,000-க்கு மேற்பட்ட முனைகளோடு நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் மன்கோசி என்ற கிராமத்து மக்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் துணையோடு தங்கள் வலையைக் கட்டி, அதைக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். அதன் பெயர் 'ஜென்செலேனி', நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பொருள். சூரிய ஒளியில் ஓடும் அந்த முனைகளில் ஊர்க்காரர்கள் போனுக்குச் சார்ஜும் ஏற்றிக்கொண்டார்கள்.

எனக்கு 61 வயது. ஏணி ஏற முடியாது, கணினியும் அதிகம் தெரியாது. ஆனால் எங்கள் பகுதியில் இது நடக்க வேண்டும் என்று ஆசை. என்னால் என்ன முடியும் டீச்சர்?

உங்களை மாதிரி ஒருவர் இல்லாமல் படுத்துப்போன வலைகள் எனக்குத் தெரியும் அக்கா. ஏணி ஏற நாலு பையன்கள் கிடைப்பார்கள். ஆறு மாதத்தில் ஒருவன் வேலைக்குப் போவான், ஒருவன் படிக்கப் போவான். எந்த மாடியில் எந்தக் கருவி, கடவுச்சொல் என்ன, பெட்டியின் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவர்களோடு கிளம்பிவிடும். ஓரிடத்தில் சாவி வைத்திருந்தவர் விடுப்பில் போனார், ஒரு சுவிட்சை அணைத்துப் போட வழியில்லாமல் இரண்டு நாள் எல்லா வீடும் இணையம் இல்லாமல் கிடந்தது. ஆகவே சாவி இரண்டு, அதில் ஒன்று உங்களிடம்.

ஒரு தடித்த அட்டை நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பகுதியின் படம், வீடுகளும் கூரைகளும், எந்தக் கூரை எந்தக் கூரையைப் பார்க்கிறது என்று அம்புக்குறி. அடுத்த பக்கத்திலிருந்து தேதி போட்டு எழுதுங்கள். என்ன கெட்டது, யார் பார்த்தார், என்ன செய்தார். கடவுச்சொற்களை மட்டும் தனி உறையில் மூடி நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். நான் வைத்திருந்த நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'மூன்றாவது வீட்டு மாடி. சிக்னல் மைனஸ் 61-லிருந்து மைனஸ் 70-க்கு இறங்கியது. காரணம், புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. ரேடியோவை இடது மூலைக்கு மாற்றினோம். இப்போது மைனஸ் 60.' ஒரு வருடம் கழித்து வேறு யாரோ அதே மாடியில் தடுமாறி நின்றபோது அந்த வரியைத்தான் போனில் படித்துக் காட்டினேன்.

படம் வரைந்து முடித்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். எந்தக் கூரையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.